பக்கம் மாறிய வயலின்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு மேஜை. அதன்மேல் லென்ஸ் தேய்க்கிற கல், பிரேமைச் சூடாக்க ஒரு மணல் சட்டி, வளைக்க நாலைந்து குறடுகள். அதுதான் அவளுடைய இடம். பவர் பார்த்து எழுதிக் கொடுப்பது டாக்டர். பிரேமைக் காட்டி ஆசை காட்டுவது முதலாளி. லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்தி, கடைசியில் அதை ஆளின் முகத்தில் ஒழுங்காக உட்காரவைப்பது அவள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. கண்ணாடி அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூடக் கடைக்கு வழி சொல்லும்.

கண்ணாடி அக்காவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கிடைத்த பட்டப்பெயர் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதனால் வளர்ந்த பிறகு யாரிடமும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பொய் சொன்னாள் என்று சொல்ல முடியாது. பேச வருகிறவர்களை வலப்பக்கமாக நிறுத்திக்கொள்வாள். பஸ்ஸில் இடது ஜன்னலோரம் உட்காருவாள். அவ்வளவுதான். வம்பு பேசுகிறவர்களைப் பற்றி, ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிடு என்று யாராவது புத்தி சொன்னால், வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் சொல்லிச் சிரிப்பாள்: "எனக்கு உள்ள வர்றதுக்கு வழி இருக்கு, வெளிய போக வழி இல்லையே!"

கணவர் டவுன் பஸ் டிரைவர். நல்ல மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் முன்கோபம், வீட்டுக்கு வந்துவிட்டால் பாட்டு. அவருடைய அம்மாவின் தம்பி, மாமா என்று வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிறவர், மகளோடு இருக்கப் போனபோது அங்கே இடமில்லை என்று தன் ரெக்கார்டு பிளேயரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் இவர் தலையில் கட்டினார். தலையில் கட்டினார் என்பது கண்ணாடி அக்காவின் சொல். டிரைவர் பொக்கிஷம் என்றார். ஒரு ஸ்பீக்கரின் வயரை எலி கடித்திருந்தது. புது வயர் வாங்கிப் போட்டு, கூடத்தில் இருந்த பழைய பீரோவை நகர்த்தி, பொக்கிஷத்தை அங்கே குடியேற்றினார்.

பொக்கிஷத்தில் ஒரு கோளாறு இருந்தது. தட்டின் முதல் பாட்டு அருமையாக ஓடும். இரண்டாவதும் பரவாயில்லை. கடைசிப் பாட்டு வரும்போது பாடுகிற அம்மாளுக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். 'ச' வருகிற இடமெல்லாம் சீறும். எந்தத் தட்டைப் போட்டாலும் கடைசிப் பாட்டுக்கு இதே கதி. தட்டு தேய்ந்துவிட்டது என்று டிரைவர் அதே தட்டில் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதுவும் சீறியது. ஒருநாள் முள் சரியாக அழுந்தவில்லை என்று அதன் தலையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டார்.

"ஏங்க, அது என்ன கோயில் உண்டியலா? எடுங்க அதை!" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

ஓடிவந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண், தட்டின் மட்டத்துக்கு வந்தது. கடையில் ஒருவர் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு எப்படி நேர் எதிரே நின்று பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

"ஏங்க, இது கோணலா இருக்குங்க."

"எது?"

"முள்ளு மாட்டியிருக்கிற இந்தக் குட்டிப் பெட்டி. ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. நேரா பாக்கவும் இல்ல, உள்பக்கமா திரும்பிக்கிட்டு நிக்குது."

"நீ எல்லாத்தையும் மூக்குக்கண்ணாடியாவே பாரு!"

ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. முள்ளைத் தாங்குகிற பிளேயரின் கை ஒரு முனையில் நிலையாக நிற்கிறது. அதனால் கதவு திறப்பதுபோல வளைந்துதான் போகும். தட்டில் பாட்டைப் பதிந்த கருவியோ ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் போனது. நேராகப் போய்ப் பதிந்த வரியை வளைந்து போகிற கை படிக்கிறது. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போக வழியே இல்லை. முள் பெட்டியைத் துல்லியமாக முன்னே பின்னே தள்ளி, கொஞ்சம் திருப்பி வைத்தால், தட்டில் இரண்டே இரண்டு இடத்தில் முழுசாக ஒத்துப்போகும், மற்ற இடங்களில் பிசகு காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். அப்படி வைக்காவிட்டால் பிசகு எல்லாம் சேர்ந்து உள்வட்டத்தில், சுற்று சிறுத்து ஒலி நெருக்கிப் பதிந்திருக்கிற இடத்தில், தன் வேலையைக் காட்டும். கடைசிப் பாட்டு இருப்பது அங்கேதான்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவர் கடைத்தெருவில் ஆடியோ சாமான் விற்கிறவர். சொல்லிவிட்டு, கோடுகளும் இரண்டு புள்ளிகளும் அச்சடித்த ஓர் அளவுத் தாளையும் கொடுத்தார். "ரெண்டு புள்ளியிலயும் முள்ளை வச்சுப் பாருங்கம்மா. பெட்டியோட பக்கமும் கோடும் ஒண்ணா ஓடணும். பொறுமை வேணும். உங்க வீட்டுக்காரருக்கு அது இருக்கான்னு தெரியல."

"இல்ல," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி, சின்ன முகக்கண்ணாடி, சன்னமான திருப்புளி, இரண்டு கண்மணிக்கும் இடைவெளி அளக்கிற சின்ன அளவுகோல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினாள். டிரைவர் ஏதாவது உதவி செய்கிறேன் என்று குனிந்து குனிந்து வெளிச்சத்தை மறைத்தார். அவரைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டாள்.

முள் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் தலைமுடி மாதிரி நான்கு வயர்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம். எந்த வயர் எந்தக் குச்சியில் மாட்டவேண்டும் என்று பெட்டியில் நிறப் புள்ளிகள் இருந்திருக்கவேண்டும். எப்போதோ அழிந்துபோயிருந்தன. கழற்றுவதற்கு முன்னால் எது எங்கே இருந்தது என்று ஒரு தடவை உற்றுப் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை பார்த்தால் அவளுக்குப் போதும். குச்சிகளைத் துடைத்து அதே மாதிரி மாட்டினாள். பிறகு இரண்டு சின்னத் திருகாணிகளையும் பாதி இறுக்கி, பெட்டியை முடியளவு முன்னே தள்ளி, முதல் புள்ளியில் முள்ளை இறக்கி, கோட்டோடு ஒத்துப்பார்த்து, இரண்டாவது புள்ளிக்குப் போனாள். அங்கே பிசகியது. திரும்பவும் முதல் புள்ளி. அங்கே சரி செய்தால் இங்கே கோணும், இங்கே சரி செய்தால் அங்கே கோணும். லென்ஸ் வேலையும் இப்படித்தான் என்பதால் அவளுக்கு எரிச்சல் வரவில்லை.

கடைசியில் இரண்டும் ஒத்துவந்தன. முகக்கண்ணாடியைத் தட்டின் இடத்தில் வைத்து அதன்மேல் முள்ளை இறக்கினாள். முள்ளும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோடாக நிற்கும்வரை பெட்டியின் சாய்வை எடுத்தாள். கையின் பின்னால் இருக்கிற எடைக்குண்டைத் திருகி, ஆடியோ கடைக்காரர் இரவல் கொடுத்த குட்டித் தராசில் முள்ளின் பாரத்தைப் பார்த்தாள். கை தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். கையை நடுப்பக்கம் இழுக்கிற இழுவைக்கு எதிராக ஒரு குமிழ் இருந்தது. அதையும் பாரத்துக்குத் தக்கபடி வைத்தாள். டிரைவர் காய்கறிப் பையோடு வந்து நின்றார்.

"போடட்டுமா?"

"கடைசிப் பாட்டைப் போடுங்க."

அவர் பையைக் கீழே வைக்கவே இல்லை. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார். பிறகு, "அந்தம்மாவுக்கு ஜலதோஷம் போயிடுச்சு," என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிற கண்டக்டரிடமெல்லாம் சொன்னார். ஆடியோ கடைக்காரரிடம் போய் ஒரு பாட்டம் சொன்னார். அவரே ஒருநாள் வந்து கேட்டுப்பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கடையில் விற்கிற பழைய பிளேயர்களை வீட்டில் பொருத்திக்கொடுக்க அவளை அனுப்ப ஆரம்பித்தார். சலூன்காரர், மருந்துக்கடைப் பெண், ஓய்வுபெற்ற ஒரு கணவன் மனைவி என்று சிறிய கூட்டம் சேர்ந்தது. பெட்டியில் நிறப் புள்ளி தெளிவாக இருந்தால் அதன்படி வயரை மாட்டுவாள். அழிந்திருந்தால், நம் வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. வருஷங்கள் ஓடின. சனி, ஞாயிறு மத்தியானங்கள் அவளுக்கு இந்த வேலையில் போயின. பிடித்துத்தான் செய்தாள். கண்ணாடி வேலையில், சரியாக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இங்கே சரியாக இருந்தால் முகம் மலர்வதை உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்படி ஒரு சனிக்கிழமை வயலின் டீச்சர் வீட்டுப் பிளேயரைச் சரிசெய்துவிட்டு வந்தாள். டீச்சர் வயதில் பெரியவர். ஒரு காலத்தில் பெரிய இசைக்குழுவில் வாசித்தவர், இப்போது வீட்டில் பாடம் எடுக்கிறார். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா? ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா என்னால உக்கார முடியல."

இவள் போனபோது டீச்சர் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசிக்கிற இசை.

"சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்கு. அதுல குறையே இல்ல," என்றார் டீச்சர். "ஆனா இந்தத் தட்டுல நான் வாசிச்சிருக்கேன். வயலின்காரங்க நாங்க எல்லாரும் இடது பக்கம். பெரிய வயலின் மாதிரி செல்லோ வாசிக்கிறவங்க வலது பக்கம். இப்ப கேளுங்க. என் நாற்காலியில செல்லோக்காரர் உக்காந்திருக்கார்."

கண்ணாடி அக்கா கேட்டாள். வயலின் கேட்டது. செல்லோவும் கேட்டது. எது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்றைக்கும் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும்.

"தெரியுதுல்ல?" என்றார் டீச்சர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வந்த சொல்லை முழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாது டீச்சர். எனக்கு எடது காது கேக்காது. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல போயிடுச்சு," என்றாள். கடைத்தெருவில் யாரிடமும் சொல்லாததை முன்பின் பழக்கமில்லாத மனுஷியிடம் சொன்னதில் அவளுக்கே வியர்த்துவிட்டது.

டீச்சர் முள்ளைத் தூக்கிவைத்தார். "அப்ப இத்தனை நாளா எப்படிச் சரி பண்றீங்க?"

"கண்ணாலதான்."

டீச்சர் அதற்கு ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, ஆகா என்றும் சொல்லவில்லை. "சரி, எதை மாத்தணும்?" என்றார்.

சிவப்பும் பச்சையும் இருந்த இடத்துக்கு வெள்ளையும் நீலமும் போகவேண்டும், அவ்வளவுதான். மாற்றி மாட்டினாள். பெட்டி நகர்ந்துவிடவில்லையே என்று அளவுத் தாளை வைத்து மறுபடி பார்த்தாள். தட்டு ஓடியது. டீச்சர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "ம். எல்லாரும் அவங்கவங்க எடத்துக்கு வந்துட்டாங்க," என்று எழுந்துபோய் டீ போட்டார்.

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அந்த நான்கு வயர்களை அவள் எங்கே பார்த்துப் படித்தாள் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஏங்க, இப்படி நடுவுல உக்காருங்க," என்று டிரைவரை உட்காரவைத்து, டீச்சர் இரவல் கொடுத்த அதே தட்டைப் போட்டாள். "வயலின் எந்தப் பக்கம் கேக்குது?"

"வலது பக்கம்."

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா, எப்பவும் இப்படித்தான். ஏன்?"

"அது எடது பக்கம் வரணுங்க! ரெண்டு காதையும் வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா என்னதான் கேட்டீங்க?"

"பாட்டு கேட்டேன்!" என்று டிரைவருக்கும் கோபம் வந்துவிட்டது. "பாடறவங்க எங்க உக்காந்து பாடினாங்கன்னு நான் என்ன டிக்கெட்டா கிழிக்கிறேன்?"

இரண்டு பேருக்கும் வார்த்தை தடித்தது. கடைசியில் டிரைவர் மாமாவுக்குப் போன் போட்டார். பிளேயரில் வயரை மாற்றி மாட்டினீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். மாமா கொஞ்சமும் அசரவில்லை.

"ஒரு தடவை முள்ளு மாத்தினப்ப நான்தான் மாட்டினேன். எது எதுலன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரு ஸ்பீக்கர்தானேடா வேலை செஞ்சுது!"

போனை வைத்த டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"போய்ச் சொல்லியாகணும்," என்றாள்.

"எதுக்கு? யாருமே கண்டுபிடிக்கலையே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

நிறப் புள்ளி அழிந்த பெட்டிகள் எந்தெந்த வீட்டில் என்று அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போனாள். டிரைவரும் கூடவே போனார், பக்கம் பார்த்துச் சொல்ல இரண்டு காது வேண்டுமே. சலூன்காரர் நாற்காலியில் இருந்த ஆளைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு அதை வேடிக்கை பார்த்தார். மருந்துக்கடைப் பெண், "அதான் எனக்கு ஹெட்போன் போட்டா ஒரு மாதிரி இருந்துச்சு!" என்றாள். அது உண்மையா, இப்போது தோன்றியதா என்று யாருக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற கணவன் மனைவி வீட்டில்தான் சிக்கல். அவருக்குத் தாளம் அதிகம் கேட்கிற பக்கம் பிடிக்கும். அந்த அம்மாளுக்குக் குரலுக்கும் வயலினுக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்கேற்ப ஆளுக்கொரு நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் அவரவர் மாத்திரை டப்பா, அவரவர் விளக்கு. வயரை மாற்றினால் எல்லாமே இடம் மாறவேண்டும்.

"வேண்டாம்மா," என்றார் அந்த அம்மாள். "இந்த நாற்காலி யாருக்குன்னு நாங்க சண்டை போட்டு முடிச்சே பல வருஷம் ஆச்சு. மறுபடி ஆரம்பிச்சு வைக்காதீங்க."

அந்த வீட்டில் மட்டும் வயலின்காரர்கள் இன்றைக்கும் வலப்பக்கம்தான்.

ஆடியோ கடைக்காரரிடம் கடைசியாகப் போனாள். அங்கே போகத்தான் கால் கூசியது. அவர் முழுக்கக் கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் கல்லாப் பக்கம் நின்றிருந்ததால் குரலை உயர்த்தவில்லை.

"காது கேக்காதவங்களையா நான் வீடு வீடா அனுப்பினேன்?" என்றார். அவளுக்கு வலப்பக்கமாக நின்றுதான் சொன்னார், அதனால் ஒரு சொல் விடாமல் கேட்டது. "நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? சொல்லுங்க."

அவள் இரவல் தராசை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதன்பிறகு அவர் யாரையும் அனுப்பவில்லை.

முதல் சில வாரங்கள் சனிக்கிழமை மத்தியானம் கைக்கு வேலை இல்லாமல் தவித்தாள். பீரோவை ஒழித்தாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். டிரைவர் ஒரு தட்டைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருப்பாள். வீட்டுப் பிளேயரின் வயரை மட்டும் அவள் தொடவே இல்லை. ஒருநாள் டிரைவரே உட்கார்ந்து மாற்றப் போய், ஒரு வயரின் நுனி ஒடிந்து, இரண்டு நாள் ஒரு ஸ்பீக்கரில் பாட்டு கேட்டார். மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. பற்றவைத்து, பக்கத்தையும் மாற்றி, முள்ளையும் நேராக்கிக் கொடுத்தாள்.

கண்ணாடிக் கடையில் அவளே முதலாளியிடம் காது விஷயத்தைச் சொன்னாள். ஊருக்குத் தெரிந்த பிறகு எதற்கு மூடுமந்திரம் என்றுதான். முதலாளி, "அதான் நான் அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா வரமாட்டேங்கிறியா? நான் என்னமோ திமிருன்னு நெனச்சேன்," என்றார். அதோடு சரி.

மழைக்காலம் முடிந்த சமயம் ஆடியோ கடைக்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடி. வேறு எங்கோ வாங்கியது, படிக்கட்டில் இறங்கினால் தலை சுற்றுகிறது. பின்னறைக்குள் எட்டிப்பார்த்தவர் அவளைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார். பிறகு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

அவள் நேர் எதிரே நின்று பார்த்தாள். அவருக்கு வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் உயரம். நிறையப் பேருக்கு அப்படி உண்டு. பிரேம் அதற்கேற்பச் சாய்ந்து, ஒரு லென்ஸ் மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்றது. மணலில் சூடாக்கி, காதுக் கொக்கியை வளைத்து, மூக்குத் தாங்கியைக் கிட்டே கொண்டுவந்து மாட்டினாள். கழற்றினாள். மறுபடி வளைத்தாள்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார் அவர், கண்ணாடி இல்லாத முகத்தோடு.

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருப்பீங்களா?"

அவர் நியாயமான மனிதர், யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

"அதான் சொல்லல. ஆனா சொல்லாததும் தப்புதான். எனக்குத் தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி மாட்டிட்டு வந்திருக்கேன்."

கண்ணாடியை மாட்டிவிட்டாள். அவர் எழுந்து வாசல்வரை நடந்து, படியில் இறங்கி ஏறிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"உங்களுக்கு அப்புறம் ரெண்டு பேரை வச்சுப் பார்த்தேன். பக்கம் எல்லாம் சரியாத்தான் மாட்டறாங்க. கடைசிப் பாட்டு சீறுது," என்றார். "இனிமே நான் சொல்லிட்டே அனுப்பறேன். இஷ்டம் இருக்கறவங்க வரட்டும். பக்கம் பாக்கறதுக்கு உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போங்க."

"அவரா? இத்தனை வருஷம் கண்டுபிடிக்காத மனுஷன்."

"இப்ப கத்துக்கிட்டிருப்பாரே."

கற்றுக்கொண்டுதான் இருந்தார். வயலின் டீச்சர் ஒரு தட்டைக் கொடுத்திருந்தார். முதலில் ஒருவர் இடப்பக்கம் பேசுவார், பிறகு வலப்பக்கம் பேசுவார். டிரைவர் அதை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே, பஸ் ஓட்டுகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்து, "எடது... எடது... இப்ப வலது," என்று அறிவிப்பார். அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டுவாள். யாராவது பாராட்டினால் டிரைவர், "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்றோம்," என்பார். அவள் மறுக்க மாட்டாள். போகிற வழியில், பாதி வேலை உட்கார்ந்திருப்பதுதானே என்று மட்டும் சொல்லுவாள்.

எல்லாரும் வரவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஒருவர் அவள் கண்ணெதிரே ஆடியோ கடைக்காரரிடம், "வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

போன மாதம் ஒரு தையல்காரர் பிளேயரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி அக்கா கதவைத் திறந்த கையோடு, உள்ளே வாங்க என்பதற்கும் முன்னால், "எனக்கு எடது காது கேக்காதுங்க. கடையில சொன்னாங்களா?" என்றாள்.

"சொன்னாங்க," என்றார் தையல்காரர், விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே. "கை வலிக்குது, எங்க வைக்கட்டும்?"

"இப்படி மேஜைமேல வைங்க. இருங்க, அவர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அதுக்குள்ள நான் முள்ளைப் பாத்துடறேன்," என்று சொல்லி ஜன்னலைத் திறந்தாள்.